கரண்ட் கம்பத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்னை தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் 1998-ல் மனை வாங்கினேன். நான் பார்க்கப் போனது ஏப்ரல் மாதம். தரை வெடித்துக் கிடந்தது. "மேட்டு நிலம் சார்" என்றார் தரகர். மின்வாரியத்தில் லைன் வேலை பார்க்கிறவனுக்கு மேடு பள்ளம் தெரியாதா என்ற மிதப்பில் நானும் தலையாட்டினேன். 2015 டிசம்பர் 1-ல் தொடங்கி இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்றுத் தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் வந்து சுவிட்சு போர்டு மட்டத்தில் நின்றது.

ஓய்வு பெற்றதும் வேறு சின்ன ஊருக்குப் போய்விடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். மூன்று ஊர்கள் மனதில் இருந்தன. அவளுக்கு வேதாரண்யம், அவள் பிறந்த ஊர். எனக்குக் கோத்தகிரி. இருவரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டது குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள இலஞ்சி.

இந்த முறை ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஊரை அதன் மோசமான மாதத்தில்தான் பார்க்க வேண்டும். எது மோசமான மாதம் என்பது ஊருக்கு ஊர் மாறும். கடலோரத்துக்குக் கார்த்திகை. நீலகிரியில் ஒரே மலையிலேயே இரண்டு கணக்கு உண்டு. மேற்குச் சரிவை ஆடி மழை தாக்கும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது அப்படித்தான். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை வடகிழக்குப் பருவமழை அடிக்கும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே மே மாதம் கோத்தகிரிக்குப் போய், "என்ன குளிர்ச்சி!" என்று சொல்லி அட்வான்ஸ் கொடுப்பது, முடிச்சூரை ஏப்ரலில் பார்த்த கதைதான்.

இலஞ்சியும் ஆளை ஏமாற்றும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலும் காற்றும் வரும், வெயிலே தெரியாது. ஆனால் இது மலை ஊர் இல்லை, மலையடிவார ஊர். பங்குனி, சித்திரையில் வெயில் பொரிக்கும், அருவியில் நூல் மாதிரித் தண்ணீர் விழும். நாங்கள் ஏப்ரலில் பத்து நாள் தங்கி, ஏசி இல்லாத அறையில் வேண்டுமென்றே படுத்தோம். மறுபடி ஜூலையில் போனபோது துவைத்த வேட்டி மூன்று நாள் காயவில்லை. இரண்டையும் தாங்க முடியும் என்று தெரிந்த பிறகுதான் மேற்கொண்டு யோசித்தோம்.

சரி, ஆபத்தை எப்படிக் கணிப்பது? நான் முதலில் கம்பத்தைப் பார்ப்பேன். பழைய ஊரில் கம்பங்கள் பல வயதில் இருக்கும். ஒரு பகுதி முழுக்க ஒரே வயதுக் கம்பமாக நின்றால், முன்பு நின்றவை ஒரே நாளில் விழுந்திருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது சீரமைப்பு வேலைக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் போனவன் நான். லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்த புயல் அது. வேதாரண்யத்தில் தென்னைகளும் அப்படித்தான் பேசும். தோப்பு முழுக்க இளங்கன்றாக இருந்தால் காரணம் கேளுங்கள். இதைச் சொன்னதற்கு மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்தது பழைய வீடுகளின் திண்ணை. தெரு மட்டத்திலிருந்து நாலு படி ஏறித் திண்ணைக்குப் போக வேண்டியிருந்தால், கட்டியவர் தண்ணீரைப் பார்த்தவர். பக்கத்திலேயே புது நகரில் வீடுகள் தரையோடு தரையாக இருந்தால், அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. காம்பவுண்டுச் சுவரில் கறைக்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். புதுச் சுண்ணாம்பு முழங்கால் உயரம் வரை மட்டும் பூசியிருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள்.

"இங்கே வெள்ளம் வருமா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "இங்கெல்லாம் வராது" என்றுதான் எல்லா ஊரிலும் சொல்வார்கள். "2023 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது, தென்மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பால்காரர், லைன்மேன், டீக்கடைக்காரர் என மூன்று பேரிடம் கேட்டால் போதும். நான் கேட்ட லைன்மேன் சொன்னது: "அண்ணாச்சி, குளம் பெருகுனா மறுகால் எந்தப் பக்கம் பாயும்னு கேளுங்க. அந்தப் பக்கம் மட்டும் மனை வாங்கிராதீங்க." மறுகால் என்றால் குளம் நிரம்பியதும் உபரித் தண்ணீர் வெளியேறும் வழி. முப்பது வருட சர்வீஸில் எனக்குத் தோன்றாத கேள்வி.

அதற்குப் பிறகு புலப்படத்தை, அதாவது அந்த நிலத்தின் அளவை வரைபடத்தை, எடுத்தேன். வருவாய்த் துறை இணையதளத்திலேயே சர்வே எண்ணைப் போட்டால் புலப்படமும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும் கிடைக்கும். ஓடை, வாய்க்கால் என்று பதிவு இருக்கிறதா, நிலம் நன்செய்யா என்று பார்க்க வேண்டும். எங்களுக்குப் பிடித்திருந்த மனையின் கிழக்கு ஓரமாக ஒரு வாய்க்கால் ஓடியது, படத்தில் மட்டும். நேரில் அங்கே தார்ச்சாலை. மனையை விட்டுவிட்டோம்.

பொழுதுபோக்குக்கு அருவி இருக்கிறதே என்பார்கள். சீசன் சனி, ஞாயிறில் உள்ளூர்க்காரர் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நீர்வரத்து கூடினால் குளிக்கத் தடை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போன பிறகு அந்தத் தடையை நான் குறை சொல்வதில்லை. அருவியை விடுங்கள், விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு வெளியே கிளம்பிப் பாருங்கள். உட்கார இடம், நடக்க இடம், பேச ஆள் இருக்கிறதா? எனக்குக் கிடைத்தது வயல் வரப்பும் இலஞ்சிக் குமாரர் கோயிலும். மனைவிக்கு அது போதவில்லை. தென்காசிக்குப் பஸ் ஏறி நூலகமும் காசி விசுவநாதர் கோயில் பிரகாரமும் போய் வருகிறாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருநெல்வேலிதான், அதையும் ஒருமுறை ராத்திரியில் காரில் போய் நேரம் பார்த்துக்கொண்டோம்.

இப்போது வாடகை வீட்டில் இரண்டாவது வருடம். இன்னொரு மனை பார்த்து வைத்திருக்கிறோம். விற்பவர் ஆவணிக்குள் பத்திரம் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்துகிறார். கார்த்திகை வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். குளம் மறுகால் பாயும் அன்று குடையோடு போய் அந்த மனையில் நிற்பதாக உத்தேசம்.