ஓவன் இல்லாத அடுப்படியில் கிறிஸ்துமஸ்: ஸ்டார், குடில், குக்கர் கேக்

எங்கள் வீட்டு அடுப்படியில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, ஒரு மிக்ஸி, கைப்பிடி ஆடும் ஐந்து லிட்டர் குக்கர், அவ்வளவுதான். கேக் சுடும் ஓவன் கிடையாது. இதை வைத்துக்கொண்டுதான் வருடா வருடம் கிறிஸ்துமஸ் கேக் செய்கிறேன். ஸ்டாரும் குடிலும்கூட வீட்டு வேலைதான்.

"மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று தெருவில் கேட்பார்கள். 23ஆம் தேதி ஆரம்பித்தால் நிறைய ஆகும், 1ஆம் தேதி ஆரம்பித்தால் கொஞ்சம்தான் ஆகும் என்பேன். கடைசி நேரத்தில் எதையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மூன்று வாரம் கையில் இருந்தால் கேழ்வரகு புல்லாக முளைக்கும், பப்பாளிக்காய் டூட்டி ஃப்ரூட்டி ஆகும். அதனால் தேதிவாரியாகவே சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரம்: ஸ்டார்

தேவை: இரண்டடி நீளத்தில் 10 மூங்கில் குச்சிகள், நான்கு அல்லது ஐந்து அங்குலத்தில் 5 குச்சிகள், நூல்கண்டு, பட்டம் செய்யும் கலர் தாள், மைதா பசை. கூடை முடைபவர்களிடம் கேட்டால் மூங்கிலைச் சீவியே தருவார்கள். சின்ன ஸ்டார் போதுமென்றால் தென்னை ஈர்க்குச்சி போதும். ஒரு குச்சிக்கு இரண்டிரண்டு ஈர்க்கு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள், ஒற்றை ஈர்க்கு துவண்டுவிடும்.

கையை எடுக்காமல் காகிதத்தில் நட்சத்திரம் போடுவோம் இல்லையா, அதே வழியில் ஐந்து குச்சிகளைத் தரையில் அடுக்குங்கள். ஐந்து முனைகளிலும் நூல் போட்டுக் கட்டுங்கள். பிறகு நடுவில் குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் ஒரு கட்டு. இதேபோல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள்.

இனிமேல்தான் அது ஸ்டார் ஆகிறது. வெட்டும் இடங்களில், முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் நடுவே சின்னக் குச்சிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி முட்டுக் கொடுங்கள். தட்டையாகக் கிடந்தது வயிறு புடைத்துக்கொண்டு எழும்பும். மூன்றாவது குச்சி வைக்கும்போது முதலாவது கழன்று விழும். எனக்கு இன்றைக்கும் விழுகிறது. ஒவ்வொன்றையும் வைத்த உடனே இரண்டு முனையிலும் கட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

தாள் ஒட்டும்போது ஒரே தாளில் மூடப் பார்க்காதீர்கள், சுருங்கிக் கிழியும். முன்பக்கம் ஐந்து முக்கோணம், நடுவில் ஒரு ஐங்கோணம். பின்பக்கமும் அப்படியே. பக்கவாட்டில் ஒல்லியாக 10 முக்கோணங்கள். ஆக 22 துண்டுகள். அதில் பின்பக்க ஐங்கோணத்தை மட்டும் ஒட்டாமல் விடுங்கள், பல்பு போவதற்கும் சூடு வெளியேறுவதற்கும் அதுதான் வழி. குறைந்த வாட் எல்.இ.டி. பல்புதான் போட வேண்டும். பழைய குண்டு பல்பின் சூட்டில் தாள் கருகும், தீயும் பிடிக்கலாம். பல்பு தாளில் படாமல் நடுவில் தொங்கட்டும்.

டிசம்பர் இங்கே மழை மாதம், தாள் ஸ்டாருக்கு நனையாத திண்ணையே சரி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை எங்கள் தூத்துக்குடி ஜில்லாக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த வருடம் கரண்ட் இல்லாமல் ஸ்டார் வெறும் சட்டமாகத் தொங்கியது. கேஸ் இருந்ததால் கேக் மட்டும் நடந்தது.

சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பரணில் வைத்தால் அடுத்த வருடம் தாள் மட்டும் மாற்றினால் போதும்.

13ஆம் தேதி: குடிலுக்குப் புல்

ஒரு கைப்பிடி கேழ்வரகை ஓர் இரவு ஊறவையுங்கள். ஓட்டைத் தட்டிலோ, அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் மூடியிலோ ஒரு அங்குலம் மண் பரப்பி, விதையை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, கையால் தண்ணீர் தெளியுங்கள். முளை தெரியும்வரை ஈரத்துணியால் மூடி வைக்கலாம். பிறகு வெளிச்சம் வேண்டும், இருட்டில் விட்டால் மஞ்சளாக நீண்டு சாய்ந்துவிடும். 24ஆம் தேதிக்குள் பச்சைப் புல்வெளி தயார். ஆச்சி நெல்லைப் போடுவாள், அது கொஞ்சம் முரட்டுப் புல். ஆட்டுப் பொம்மைகள் அதற்குள் காணாமல் போய்விடும்.

மலைக்குச் சிமெண்டுச் சாக்கின் உள்தாள். கசக்கி, மைதா பசையில் அடுப்புக்கரித் தூள் கலந்து பூசி, காயவிட்டால் பாறை. கொட்டகைக்கு அட்டைப்பெட்டியும் வைக்கோலும். இதை ஏழைக் குடில் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் குடில் வழக்கத்தைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் புனிதர் அசிசி பிரான்சிஸ் வைத்த குடிலில் வைக்கோல் தொட்டி ஒன்று, ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான் இருந்தது.

15ஆம் தேதி: பழம்

கேக்கில் காசு தின்பது பழந்தான், மிச்சம் பிடிப்பதும் இங்கேதான். கடையில் விற்கும் டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய்தான். கேக் மேல் சிவப்பாக உட்கார்ந்திருக்கும் 'செர்ரி'யும் பெரும்பாலும் சீனிப்பாகில் ஊறிய களாக்காய். தெரிந்த பிறகு அதற்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வருவதில்லை.

பப்பாளிக்காயைத் தோல் சீவி, பொடிப் பொடியாக நறுக்கி ஒரு கப் எடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து வடியுங்கள். ஒரு கப் சீனியும் அரை கப் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, காயைப் போட்டு, துண்டுகள் கண்ணாடி மாதிரி தெரிகிறவரை சிறு தீயில் வையுங்கள். இரவு முழுக்கப் பாகிலேயே ஊறட்டும். மறுநாள் வடிகட்டி, தட்டில் பரப்பி, ஃபேன் காற்றில் காயவிடுங்கள். சிவப்பு வேண்டுமானால் பாகில் இரண்டு சொட்டு பீட்ரூட் சாறு. மிஞ்சும் பாகை எலுமிச்சை ஜூஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஊறல். கருப்பு திராட்சை 50 கிராம், சாதா கிஸ்மிஸ் 25 கிராம், கொட்டை எடுத்து நறுக்கிய பேரீச்சை 50 கிராம். இவற்றை இரண்டு ஆரஞ்சுப் பழத்தின் சாற்றில் போட்டு ஐந்து நிமிடம் சூடாக்கி, ஆறியதும் மூடியுள்ள பாட்டிலில் ஃபிரிட்ஜில் வையுங்கள். தினம் ஒருமுறை குலுக்கிவிட்டால் போதும். ரம்மில் மாதக்கணக்கில் ஊறவைப்பவர்கள் உண்டு, எங்கள் வீட்டில் அது நடக்காது. சாறு ரம் மாதிரி தாங்காது, வெளியே வைத்தால் புளித்துப் பொங்கும். பிழிவதற்கு முன் ஆரஞ்சுத் தோலின் மேல்பரப்பை மட்டும் துருவி எடுத்து அதையும் ஃபிரிட்ஜில் வையுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும்.

21ஆம் தேதி: கேக்

ஆறு அங்குல வட்டத் தட்டுக்கான அளவு:

மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி (தலை தட்டி), சோடா உப்பு கால் தேக்கரண்டி, பொடித்த சீனி 100 கிராம், பாகு காய்ச்சத் தனியாகச் சீனி 50 கிராம், முட்டை 2, வாசனை இல்லாத எண்ணெய் 80 மில்லி, ஊறிய பழம், டூட்டி ஃப்ரூட்டி ஒரு கைப்பிடி, உடைத்த முந்திரி 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. மசாலாவுக்குக் கிராம்பு 3, ஏலக்காய் 2, சுண்டுவிரல் நீளப் பட்டை, கொஞ்சம் சுக்கு, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் ஒரு கரண்டி சீனியோடு சேர்த்து மிக்ஸியில் அடித்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெய் போட்டால் ருசி கூடும்தான், மறுக்கவில்லை. ஆனால் மசாலாவும் பாகும் நன்றாக இருந்தால் எண்ணெய்க் கேக்கை யாரும் கண்டுபிடிப்பதில்லை, மூன்று நாள் கழித்தும் மெத்தென்று இருக்கும். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் மசாலா. போன வருடத்துப் பொடியைப் போடாதீர்கள், அன்றன்றைக்குப் பொடியுங்கள். பேக்கிங் பவுடர் பழசாக இருந்தால் அரைத் தேக்கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் நல்லது, சும்மா கிடந்தால் புதுசு வாங்குங்கள்.

முதலில் பாகு, கேக்கின் நிறமும் லேசான கசப்பும் இதில்தான் இருக்கிறது. 50 கிராம் சீனியை ஒரு கரண்டித் தண்ணீரோடு கனமான பாத்திரத்தில் வையுங்கள். கிளறாமல் பாத்திரத்தை மட்டும் ஆட்டிவிடுங்கள். முதலில் தேன் நிறம், பிறகு பால் விடாத கட்டன் டீ நிறம், பிறகு விளிம்பில் மெல்லிய புகை எழும்ப டிகாக்‌ஷன் நிறம். டிகாக்‌ஷன் வந்த நொடியில் அடுப்பை அணையுங்கள், பத்து விநாடி தாமதித்தால் கரி. கால் கப் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். சீறிக்கொண்டு தெறிக்கும், பிள்ளைகளை அடுப்படியை விட்டு அனுப்பிவிடுங்கள். கட்டி பிடித்தால் மறுபடி சூடாக்கினால் கரைந்துவிடும். முழுக்க ஆறட்டும்.

இப்போது குக்கர். கேஸ்கெட்டைக் கழற்றுங்கள், விசிலைக் கழற்றுங்கள். இரண்டும் கட்டாயம். முதல் வருடம் கேஸ்கெட்டை மறந்து வைத்துவிட்டேன், கேக்கில் டயர் கடை வாசனை. தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் ஒரு அங்குலம் பொடி உப்போ, கழுவிக் காயவைத்த ஆற்று மணலோ பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். உப்பளத்து ஊரில் இருந்துகொண்டு கல் உப்பைப் போடாமல் இருப்பேனா, ஒருமுறை போட்டேன். சூட்டில் பட்பட்டென்று வெடித்துக் குக்கருக்குள் சரவெடி. பொடி உப்பே போதும்.

அது சூடாகும் நேரத்தில் தட்டில் எண்ணெய் தடவி அடியில் பட்டர் பேப்பர் போட்டுவிடுங்கள். அலுமினியத் தட்டு நல்லது, எவர்சில்வரில் அடி சீக்கிரம் கருகும். மைதா, பேக்கிங் பவுடர், சோடா உப்பு, உப்பு, மசாலாவை இரண்டுமுறை சலியுங்கள். முட்டையையும் பொடித்த சீனியையும் நுரைத்து வெளுக்கும்வரை அடியுங்கள், கையால் அடித்தால் ஏழெட்டு நிமிடம் ஆகும். எண்ணெயை நூலாக ஊற்றி அடித்து, ஆறிய பாகையும் ஆரஞ்சுத் துருவலையும் சேருங்கள். இதற்கு மேல் அடிக்கக் கூடாது. மைதாவை மூன்று தவணையாகப் போட்டு, அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். பழத்தை வடித்து, டூட்டி ஃப்ரூட்டி, முந்திரியோடு ஒரு கரண்டி மைதாவில் புரட்டிக் கடைசியில் சேருங்கள். புரட்டாவிட்டால் பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மாவு கெட்டியான இட்லி மாவு பதத்தில் இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் வடித்த சாற்றில் இரண்டு கரண்டி விடுங்கள்.

தட்டில் பாதிக்குச் சற்று மேல்வரை ஊற்றி, இரண்டுமுறை தரையில் தட்டி, ஸ்டாண்ட் மேல் இறக்குங்கள். தட்டுக்கும் குக்கர் சுவருக்கும் இடையே ஒரு விரல் போகும் இடைவெளி வேண்டும். மூடி, சின்ன பர்னரில் சிம்மில் வையுங்கள். 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 40 நிமிடம் வரை திறக்கவே கூடாது, திறந்தால் நடுப்பகுதி குழிந்துவிடும். வாசனை வரும், கை துறுதுறுக்கும், பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ப் பேசிக்கொண்டிருங்கள். 50ஆவது நிமிடம் நடுவில் ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டாமல் வந்தால் ஆயிற்று.

இரண்டு கேக் போடுவதாக இருந்தால், முதலாவதை எடுத்த சூட்டோடு அடுத்ததை உள்ளே வையுங்கள், 10 நிமிட கேஸ் மிச்சம். ஆனால் அதற்கான மாவை அப்போதுதான் கலக்க வேண்டும். முன்பே கலந்து வைத்தால் சோடாவின் வேகம் போய்விடும்.

வெந்த கேக்கைத் தட்டிலேயே கால் மணி நேரம் விட்டுப் பிறகு கவிழ்த்துங்கள். முழுக்க ஆறியதும் பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் மூடிவிடுங்கள். உடனே வெட்டினால் உதிரும், மசாலாவும் தனியாகத் தெரியும். 24ஆம் தேதி வெட்டுங்கள்.

கொடுப்பதற்கு

தீபாவளிக்கு முறுக்குத் தட்டு அனுப்பிய வீடுகளுக்கு நம் தட்டு போக வேண்டுமே. துண்டுகளைப் பட்டர் பேப்பரில் பொதிந்து, மேலே பழைய மாதக் காலண்டர் தாளை வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி சுற்றி, வாழைநாரால் கட்டுங்கள். நாரைக் கொஞ்சம் தண்ணீரில் நனைத்தால் முடிச்சு உடையாது. காலண்டர் தாள் கேக்கில் நேராகப் படக் கூடாது, அதன் அச்சு மை சாப்பாட்டுக்கு ஆகாது.

கடைசியாக உப்பு. ஆறியதும் குக்கரிலேயே விட்டுவிடாதீர்கள், ஈரம் பட்டால் அலுமினியத்தை அரித்துப் புள்ளி புள்ளியாக்கிவிடும். கொட்டி எடுத்துவிட்டுக் குக்கரைக் கழுவித் துடையுங்கள். அந்த உப்பு அடுத்த கேக்குக்கும் ஆகும், சமையலுக்கு ஆகாது. பாட்டில் மேல் 'கேக் உப்பு' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நான் எழுதாமல் விட்ட வருடம் அத்தை அதை எடுத்து ரசத்தில் போட்டுவிட்டு, "என்னட்டி, ரசத்துல கேக் வாசம் அடிக்கு?" என்று கேட்டார்கள்.