கேமராவுக்குத் தோள்பையா? உள்மெத்தை தனியாகக் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தாராசுரம் கோயிலில் படம் எடுக்க நான்கைந்து பிள்ளைகள் என்னோடு வந்திருந்தார்கள். எல்லோரும் கேமரா வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள். அதில் ஒரு தம்பி புதிதாக வாங்கிய தோள்பையைக் காட்டினான். கைக்கு அடக்கமாக, பார்க்க லட்சணமாக இருந்தது. "அண்ணே, வாட்டர்ப்ரூஃப். கடைக்காரரே மேல தண்ணி ஊத்திக் காட்டினாரு" என்றான். மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டு மெத்தையின் ஓரத்தைத் தேடினேன். ஓரமே அகப்படவில்லை. நான்கு பக்கமும் பையோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. 14 வருஷத்துக்கு முன்னால் நான் வாங்கி, இரண்டு லென்ஸைப் பறிகொடுத்ததும் இதே மாதிரிப் பையில்தான்.

ஜிப்பை மூடு, பையை வண்டியில் மாட்டிவிட்டு டீக்கடைக்குப் போகாதே என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன். கும்பகோணத்தைச் சுற்றிக் கல்யாணமும் திருவிழாவும் எடுத்துப் பிழைக்கிறவன் நான். கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் பெரிய மூட்டை வேறு. இங்கே சொல்வது, ஒரு கேமராவும் ஒன்றிரண்டு லென்ஸும் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற சின்னப் பையைப் பற்றி.

வெளி அளவைப் பார்த்து வாங்குவது

ஆன்லைனில் போட்டிருக்கும் அளவு பல நேரம் பையின் வெளி அளவு. மெத்தை ஒரு பக்கத்துக்கு ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் தின்றுவிடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு அங்குலம் போயிற்று. லென்ஸை மாட்டியபடியே கேமராவைத் தையல் டேப்பால் அளந்து, உள் அளவோடு ஒப்பிடுங்கள். லென்ஸைக் கழற்றினால்தான் பைக்குள் போகும் என்றால் அந்தப் பை வேண்டாம். சாமி புறப்பாடு வாசலைத் தாண்டும்போது நீங்கள் லென்ஸ் மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. "பின்னால தூரத்தை இழுக்கிற 70-300 லென்ஸ் வாங்குவேன், அதுக்கும் இடம் இருக்கட்டும்" என்று ஒரு சுற்றுப் பெரிதாக வாங்குவது. அந்த லென்ஸ் வருவதற்குள் அதன் இடத்தில் சார்ஜர், பவர் பேங்க், குடை, கடலை மிட்டாய் எல்லாம் குடியேறிவிடும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை மாட்டிய சாதாரணக் கேமரா ஒரு சாண் நீளம்கூட வராது. பக்கத்தில் ஒரு 50 எம்எம் 1.8 லென்ஸ் வைக்கலாம், அது சுமார் 160 கிராம்தான். இவ்வளவுக்கு இடம் இருந்தால் போதும்.

காலிப் பையைத் தோளில் மாட்டிப் பார்ப்பது

காலியாக இருந்தால் எந்தப் பையும் சுகமாகத்தான் இருக்கும். கேமராவைக் கடைக்கு எடுத்துப் போக முடியாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளே வையுங்கள், சரியாக ஒரு கிலோ. மாட்டிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். வார் மூன்று விரல் அகலமாவது இருக்க வேண்டும். ஒரு தோளில் தொங்கவிடாமல் குறுக்காகப் போட்டால் பை இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்குக் கீழே போனால் நடக்க நடக்கத் தொடையில் இடிக்கும்.

வாரைப் பையோடு பிணைக்கும் கொக்கியையும் பாருங்கள். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி. அதை அண்ணாந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, வடம் பிடிக்க ஓடிய கூட்டத்தில் யாருடைய கையோ என் வாரில் மாட்டி இழுபட்டது. பிளாஸ்டிக் கொக்கி பட்டென்று தெறித்துவிட்டது. கேமரா கையில் இருந்ததால் தப்பித்தது, பையோடு விழுந்த ஃபிளாஷ் தப்பவில்லை. வாரைப் பையின் அடிவரை ஓடவிட்டுத் தைத்திருந்தால் நல்லது, இல்லையென்றால் இரும்புக் கொக்கியாவது இருக்கட்டும்.

வெல்க்ரோ மூடி

கோடியக்கரையில் பூநாரைக் கூட்டத்துக்குப் பதுங்கிப் பதுங்கி அரைமணி நேரம் நெருங்கிப் போய், பையைப் 'பர்ர்ர்' என்று பிரித்தவன் நான். அதோடு அன்றைய வேலை முடிந்தது.

சத்தம்கூடப் பரவாயில்லை. ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேர நெரிசலில், பாதி திறந்திருந்த மூடியின் முள் பக்கம் மாப்பிள்ளையின் அத்தை கட்டியிருந்த திருபுவனம் பட்டில் ஒட்டிக்கொண்டது. அவர் நகர்ந்ததும் முந்தானையில் இரண்டு அங்குலத்துக்கு இழை இழுத்துவிட்டது. அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. பந்தியில் உட்கார்ந்தபோதும் அந்த இழையையே தடவிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூட நன்றாகச் சாப்பிட்டிருப்பேன். மூடிக்குக் காந்தப் பொத்தானோ பெல்ட் மாதிரிக் கொக்கியோ போதும்.

கழற்ற முடியாத மெத்தை

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தைத்த மெத்தைப் பையை நான் வாங்கிய அந்த வருஷம் ஐப்பசி கடைசி நாள், மயிலாடுதுறையில் கடைமுகத் தீர்த்தவாரி. துலாக் கட்டத்தில் காலையிலிருந்தே தூறல். என் பையும் 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்லி விற்ற பைதான். சொன்னபடி மேல்துணியில் விழுந்த தண்ணீர் தாமரை இலையில் விழுந்ததுபோல உருண்டோடியது. ஆனால் நான் பத்துத் தடவை மூடியைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூறல் உள்ளே போனது. ஈரக் கையோடு லென்ஸை எடுத்தேன், துண்டால் அரைகுறையாகத் துடைத்த கேமராவைத் திரும்ப வைத்தேன். இடுப்பை ஒட்டியிருந்த பக்கத்தில் வியர்வை. அத்தனையையும் உள்மெத்தை சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பையை மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். காலையில் தொட்டுப் பார்த்தால் வெளியே காய்ந்திருந்தது, உள்துணியும் காய்ந்திருந்தது. அந்தத் துணிக்கு அடியில் இருக்கும் பஞ்சை யார் தொட்டார்கள்? கேமராவையும் 2.8 ஜூம் லென்ஸையும் உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்து, பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். சின்னப் பைக்கு இப்படி ஒரு சோம்பேறித்தனம் உண்டு. எப்போதும் தயாராக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் உள்ளேயே விட்டுவைக்கத் தோன்றும். கார்த்திகையில் கல்யாண வேலைக்குப் பெரிய மூட்டைதான் போனது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. சின்னப் பையை மறுபடி திறந்தது பொங்கலன்று.

ஜிப்பைத் திறந்ததும் நனைந்த சாக்கு வாடை அடித்தது. சூரியனைப் பார்த்து எடுத்த படமெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தது. செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் வைத்து முன்னால் பார்த்தேன். கண்ணாடியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய இழைகள், சிலந்தி வலையும் இலை நரம்பும் கலந்த மாதிரி. பூஞ்சை. திருச்சியில் லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். "பூஞ்சை போயிடுச்சு, ஆனா அது தின்ன கோட்டிங் திரும்ப வராது" என்றார். பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், முற்றினால் கண்ணாடியிலேயே தடம் விழும். 22,000 ரூபாய் லென்ஸ், துடைத்த கூலி 4,500. கடைசியில் அதை 6,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன்.

இதோடு நின்றிருந்தால் விதி என்று விட்டிருப்பேன். இன்றைக்கும் எரிச்சல் வருவது அடுத்துச் செய்த காரியத்தை நினைத்தால்தான். புதிதாக வாங்கிய லென்ஸை அதே பையில் போட்டேன். லென்ஸில்தான் கோளாறு, பை நல்ல பை என்றே நினைத்திருந்தேன். பஞ்சுக்குள் இருந்த பூஞ்சை அங்கேயேதான் இருந்தது. தைத்த மெத்தையைத் துவைக்க முடியாது, வெயிலில் வைத்தாலும் மேல்தோல்தான் காயும். மறுவருஷம் அடைமழைக்கு அந்த லென்ஸிலும் இழை ஓடியது. அப்புறம்தான் பிளேடால் பையின் அடித்தையலைக் கிழித்துப் பார்த்தேன். மஞ்சள் பஞ்சு முழுக்க மிளகு தூவினதுபோலக் கரும்புள்ளிகள்.

வெளியே ரப்பர் பூச்சுத் துணி, உள்ளே பஞ்சு என்றால் அது இட்லிப் பானைக்கு மூடி போட்டது மாதிரி. தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிற துணி, உள்ளே போன ஈரத்தை வெளியேயும் விடாது. ஈரம், இருட்டு, அசையாத காற்று, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? மழை குறைந்த ஊர்க்காரர்களுக்கு இது பெரிய தொல்லை இல்லாமல் இருக்கலாம். நம் பக்கம் அப்படியா? ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தாலே வாய்க்காலெல்லாம் தண்ணீர், அப்புறம் சம்பா வயலில் தேங்கிய தண்ணீர், அதன் தலையில் ஐப்பசி கார்த்திகை மழை. துவைத்த லுங்கியே இரண்டு நாள் காயாத மாதங்களில் பைக்குள் இருக்கும் பஞ்சு எப்படிக் காயும்?

மழையே வேண்டாம், கல்யாண மண்டபம் போதும். ஏசி அறையில் குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்ததும் கண்ணாடியில் வேர்க்கும். அப்படியே பையில் போட்டால் அந்தத் தண்ணீரும் மெத்தைக்குத்தான். ஏசி அறையை விட்டுக் கிளம்பும் முன்பே கேமராவைப் பையில் வைத்து மூடி, வெளியே வந்து அரைமணி நேரம் கழித்துத் திறங்கள்.

ஆகவே கடையில் மேலே தண்ணீர் ஊற்றிக் காட்டினால் அசந்துவிடாதீர்கள். மெத்தை தனிப் பெட்டி மாதிரி முழுசாகக் கையோடு வருகிறதா என்று பாருங்கள். புதுக் கண்டுபிடிப்பெல்லாம் இல்லை இது. 1970களில் பிலடெல்பியா இன்குயரர் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஜிம் டோம்கி உருவாக்கிய கேன்வாஸ் பையில் உள்பெட்டி தனியாகத்தான் வரும். மீன்பிடிப் பையில் தொழில் தொடங்கிய இங்கிலாந்துக்காரர்களான பில்லிங்ஹாமின் தோள்பைகள் பலவற்றிலும் அப்படித்தான். அந்த விலைக்கு நாம் இன்னொரு லென்ஸே வாங்கலாம், அது வேறு விஷயம். உள்பெட்டி மட்டும் தனியாகவும் கிடைக்கிறது. அதை ஒரு நல்ல கேன்வாஸ் ஜோல்னாப் பைக்குள் வைத்தால் முடிந்தது வேலை. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மாசத்துக்கு ஒருமுறை பெட்டியை எடுத்து மொட்டை மாடியில் வற்றலுக்குப் பக்கத்தில் காயவைப்பேன். ஜோல்னாவைத் துணிகளோடு துவைக்கப் போட்டுவிடுவேன்.

மெத்தைக்குள் இருப்பது என்ன என்றும் கேளுங்கள். ஸ்பான்ஜ் என்றால் அமுக்கினதும் அப்பளமாகத் தட்டையாகி, விட்டதும் எழும்பும். அது தண்ணீர் குடிக்கும். யோகா பாய்க்குப் போடுகிற மாதிரி நெருக்கமான ஃபோம் அவ்வளவு அமுங்காது. அதன் ஒவ்வொரு குமிழும் தனித்தனியே மூடியிருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது. வண்டி சீட் தைக்கிற குஷன் கடையில் கேட்டால் இரண்டையும் வெட்டிக் கையில் கொடுப்பார்கள்.

எந்தப் பையானாலும் அது ஊர்சுற்றத்தான். வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுத்துவிடுங்கள். ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்று, அதில் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் சூடுபடுத்தி மறுபடி பயன்படுத்தலாம். நெல் விளைகிற ஊர் என்பதாலோ என்னவோ, "அரிசியில போட்டு வை" என்று சொல்லாத ஆளே இல்லை. அரிசி ஈரத்தைப் பெரிதாக இழுக்காது. தவிட்டுத் தூசி லென்ஸ் வளையத்துக்குள் போவதுதான் மிச்சம்.

கம்பெனிப் பெயரைப் பெரிதாகப் போட்ட பை

உள்ளே விலையுள்ள பொருள் இருக்கிறது என்று ஊருக்கே பலகை மாட்டுவது. வேண்டாம்.

உள்பக்கமும் கறுப்பு

கறுப்பு லென்ஸ் மூடி, கறுப்பு மெத்தை, மகாமண்டபத்து இருட்டு. தேடிக்கொண்டே இருங்கள்.

நிற்காத பை

கீழே வைத்தால் குடை சாய்கிற பைகள் உண்டு. கோயில் தரையில் விளக்கிலிருந்து சிந்திய எண்ணெய், வரப்பில் சேறு. அடிப்பாகம் தட்டையாக, துடைத்தால் போகிற துணியில் இருக்கட்டும்.

அந்தத் தம்பியின் பையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, கடையில் வாங்க மறுத்துவிட்டார்கள். அதனால் கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த பை தைப்பவரிடம் கொடுத்திருக்கிறோம். உள்தையலைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு, அதே அளவுக்கு நெருக்கமான ஃபோமில் தனிப் பெட்டி செய்து, மேலே வெளிர் சாம்பல் துணி போடச் சொல்லியிருக்கிறேன். 350 கேட்டார், 300க்கு ஒத்துக்கொண்டார். பஞ்சைப் பிடுங்கும்போது, "புதுப் பையை எதுக்குங்க இப்படிக் கொல்றீங்க?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை தருகிறாராம்.