ஜூலியஸ் நைரேரே: அவரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் நைரேரேயைச் சிலர் மகான் என்பார்கள், சிலர் நாட்டின் பொருளாதாரத்தைக் குலைத்தவர் என்பார்கள். இருபது வருடங்களுக்கு மேல் நீண்ட ஆட்சியை ஒரே துண்டாகப் பார்ப்பதால் வரும் கோளாறு இது. எந்த வருடத்து நைரேரேயைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

"1961 முதல் தான்சானியாவின் அதிபர்" என்று எழுதுவது தவறு. 1961 டிசம்பர் 9 அன்று சுதந்திரம் பெற்ற நாடு தங்கனிக்கா. அன்று நைரேரே பிரதமர். நாட்டின் தலைவராக இருந்தவர் பிரிட்டிஷ் ராணி. அடுத்த மாதமே நைரேரே பிரதமர் பதவியை ரஷிதி கவாவாவிடம் கொடுத்துவிட்டு, தன் கட்சியான டானுவைப் பலப்படுத்தப் போய்விட்டார். 1962 டிசம்பரில் நாடு குடியரசானபோதுதான் அதிபரானார். 1964 ஜனவரியில் பக்கத்துத் தீவு நாடான சான்சிபாரில் நடந்த புரட்சியையும் அவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அந்தப் புரட்சியால் பதவிக்கு வந்தவர் அபெய்ட் கருமே. அந்த ஏப்ரலில் இருவரும் இரு நாடுகளையும் இணைத்தார்கள், அப்படி உருவானதுதான் தான்சானியா.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு உஜமா, அதாவது நைரேரேயின் கூட்டுக் கிராமத் திட்ட விஷயத்தில் நடக்கிறது. சோசலிசப் பாதையை அறிவித்த 1967 அருஷா பிரகடனத்தையும், எழுபதுகளில் நடந்த கட்டாயக் குடியேற்றத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். சிதறிக் கிடந்த விவசாயிகள் விரும்பி ஒன்றுசேர்ந்து கிராமங்களை அமைத்தால் பள்ளிக்கூடம், தண்ணீர், மருத்துவ வசதி எல்லாம் கொடுக்கலாம் என்பது தொடக்கத்தில் இருந்த எண்ணம். தெற்கே ருவுமா பகுதியில் விவசாயிகள் தாங்களாகவே அப்படிச் செய்தும் காட்டினார்கள். அவர்களுடைய சங்கத்தை 1969இல் கலைத்தது டானு கட்சிதான். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் வலிக்கும் இடம் இது. 1973 நவம்பரில், கிராமங்களில் குடியேறுவது இனி கட்டாயம் என்று நைரேரே அறிவித்தார். 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம் மாற்றப்பட்டார்கள். பல இடங்களில் மக்கள் திரும்பி வராதபடி பழைய வீடுகளை எரித்தார்கள், வயல்கள் தூரமாகிப்போயின. அந்த வருடங்களில் வறட்சியும் வந்தது, எண்ணெய் விலையும் ஏறியது. அதனால் உணவுப் பற்றாக்குறைக்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துவிடக் கூடாது. அதே ஆட்சியில் எழுத்தறிவு பெரிய அளவில் உயர்ந்ததையும் விட்டுவிடக் கூடாது.

"ஒரு கட்சி ஆட்சி, அதனால் தேர்தலே கிடையாது" என்பதும் சரியல்ல. 1965 முதல் பெரும்பாலான தொகுதிகளில் ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர் மோதினார்கள், அமைச்சர்கள்கூடத் தோற்றார்கள். அதிபர் பதவிக்கு மட்டும் ஒரே வேட்பாளர், ஆம் அல்லது இல்லை என்று ஓட்டுப் போடலாம். சரி, அப்படியானால் அது ஜனநாயகம்தானே என்று உடனே முடிவுகட்டுவதும் அவசரம். விசாரணையே இல்லாமல் ஆட்களைச் சிறைவைக்க 1962இலேயே சட்டம் வந்துவிட்டது, அது பயன்படுத்தவும்பட்டது. அவரை நேசிப்பவர்கள் இதை எழுதாமல் விடுவது நேர்மையல்ல.

உகாண்டா போரை அவர் தொடங்கியதாகச் சொல்வோரும் உண்டு. 1978இல் தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் முதலில் நுழைந்தது உகாண்டா அதிபர் இடி அமீனின் படை. ஆனால் அதை விரட்டியதோடு நிற்காமல், 1979 ஏப்ரலில் தான்சானியப் படை உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவைப் பிடித்தது நைரேரேயின் முடிவு.

1985இல் தானாக முன்வந்து அதிபர் பதவியை விட்டதை எல்லோரும் பாராட்டுகிறார்கள், அது நியாயம்தான். அன்றோடு அரசியலை விட்டார் என்று மட்டும் எழுதாதீர்கள். அலி ஹசன் ம்வின்யி அதிபரான பிறகும், ஆளும் கட்சியின் தலைவராக 1990 வரை இருந்தவர் நைரேரேதான்.