முதல் நாள் முதல் காட்சிக்கு முதல் தடவை போகிறீர்களா?

படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை மேட்னிக்குப் போங்கள். முதல் நாள் முதல் காட்சி என்பது கூட்டத்தைப் பார்க்க, கூட்டத்தோடு சேர்ந்து கத்த. பாதி வசனம் காதில் விழாது, முன் சீட்காரர் சீட் மேலேயே ஏறி நிற்பார். பரவாயில்லை என்றால் மேலே படியுங்கள்.

தியேட்டரைச் சரியாகப் பிடிப்பதுதான் பாதி வேலை. மால் மல்டிபிளெக்ஸில் ரெண்டு கைதட்டல், அப்புறம் பாப்கார்ன். ரசிகர்கள் கூடுகிற இடத்துக்குப் போங்கள்: சென்னையில் கோயம்பேடு ரோகிணி, காசி, குரோம்பேட்டை வெற்றி, நெல்லையில் ராம் முத்துராம்.

டிக்கெட் ஆப்பில் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் ரசிகர் மன்றம். அஜித் 2011-லேயே மன்றங்களைக் கலைத்துவிட்டார், ஆனாலும் அவர் படத்துக்கும் டிக்கெட் கட்டோடு ஊருக்கு ஓர் அண்ணன் இருப்பார், பக்கத்து டீக்கடையில் கேட்டால் ஆளைக் காட்டுவார்கள். பிளாக்கில் மட்டும் வாங்காதீர்கள். நான் ஒரு தடவை 1,500 ரூபாய் கொடுத்து வாங்கி உள்ளே போனால், அதே சீட் நம்பரோடு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். ஆளுக்குப் பாதி சீட். ஹீரோ வந்த பிறகு எவனும் உட்காரவில்லை என்பது வேறு விஷயம்.

விடியற்காலை 4 மணிக் காட்சியை மறந்துவிடுங்கள். 2023 ஜனவரியில் துணிவு வெளியான இரவு, கோயம்பேடு பக்கம் ஓடிக்கொண்டிருந்த லாரி மேல் ஏறி ஆடிய இளைஞர் கீழே விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்த ஜெயிலர், லியோவுக்கெல்லாம் தமிழ்நாட்டில் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி, அதற்குள் பொறுமை இல்லாத கோவைக்காரர்கள், முன்னதாகவே காட்சி தொடங்கிய கேரளத்துப் பாலக்காட்டுக்கு வண்டியை விட்டார்கள்.

செருப்பு போடாதீர்கள், கூட்டத்தில் ஒன்றுதான் மிஞ்சும். ஷூ போடுங்கள், போன் முன் பாக்கெட்டில் இருக்கட்டும்.

இப்போது, ஹீரோ திரையில் வரும்போது வீசுகிற பேப்பர். முந்தின நாள் ராத்திரியே பழைய செய்தித்தாளைக் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கிழித்து ஒரு பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள், அமுக்கி அடைத்தால் கட்டிக்கொள்ளும். வீசும்போது நேராக மேலே வீச வேண்டும். முன்னால் எறிந்தால் பறக்காமல் முன்வரிசைக்காரர் பிடரியில் மொத்தமாக விழும், அடுத்த பத்து நிமிஷம் அவர் உங்களைத்தான் பார்ப்பார். டைட்டில் கார்டுக்கே எல்லாவற்றையும் கொட்டிவிடுவது புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. பாதியை ஹீரோ இன்ட்ரோவுக்கு வையுங்கள். உள்ளே பட்டாசு, சூடம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பாலாபிஷேகத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. 2019-இல் விஸ்வாசம் வந்த அன்று திருக்கோவிலூரில் பால் ஊற்ற ஏறியவர்களோடு கட்-அவுட்டே சரிந்து, பலருக்கு அடி. அந்தப் பாலை டீக்கடையில் கொடுத்தால் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் டீ கிடைக்கும்.

டைட்டில் கார்டைப் படம்பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கிற ஆசையையும் அடக்குங்கள். 2023-இல் சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் திருத்திய பிறகு, தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம் சிறை, 3 லட்சம் அபராதம். போனைத் திரைக்கு முதுகு காட்டித் திருப்பிக் கூட்டத்தை எடுங்கள், எப்படியும் அங்கேதான் வேடிக்கை.

வெளியே வந்ததும் நாலு யூடியூப் மைக் மூக்குக்கு முன்னால் நீளும். தொண்டை கட்டியிருக்கும், கட்டைவிரலைக் காட்டிவிட்டு நடையைக் கட்டுங்கள். கிளைமாக்ஸைச் சொல்லிவிடாதீர்கள், அடுத்த காட்சிக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார்கள்.