கிட்டார் டோன் மாற: முதலில் ஸ்பீக்கர், அப்புறம் பிக்கப்

போன வருடம் என் எலக்ட்ரிக் கிட்டாரின் நடுப் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்கும் பாகம்) திடீரென்று ஊமையாகிவிட்டது. அதைக் கழற்றி, கோவையில் மோட்டார் காயில் கட்டும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதுவரை கிட்டாரைத் தொட்டதே இல்லை. மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு, சுற்றுக்கம்பி வெளியே வந்து முடியும் இடத்தை ஊசியால் மெல்ல நிமிண்டினார். "உள்ள ஒண்ணும் ஆகல கண்ணு. நுனியிலதான் அத்துப்போச்சு. இதும் நம்ம மோட்டாரு காயிலாட்டத்தான், கம்பிதான் தலமுடியாட்ட இருக்குது" என்றார். எனாமலைச் சுரண்டி ஒரு சொட்டு ஈயம் வைத்தார். மீட்டர் 6 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் நின்றது. பிக்கப் பிழைத்துக்கொண்டது.

அவர் சொன்னது அப்படியே உண்மை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிக் கட்டிய காயில். ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) வகைப் பிக்கப்பில் சுமார் 0.063 மி.மீ. தடிமனுள்ள செம்புக் கம்பி 8,000 சுற்றுக்குப் பக்கமாக ஓடும். மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைக் கோவையில் உருவாக்கியது 1937இல். அதே 1937இல்தான் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சாமுக்கு எலக்ட்ரிக் கிட்டார் பிக்கப்புக்கான காப்புரிமை கிடைத்தது. வீதிக்கு ஒரு காயில் கடை இருக்கிற ஊர்க்காரர்கள் நாம். பிக்கப்பைத் திறந்து பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

ஸ்பீக்கரும் இதே வேலைதான், தலைகீழாக. காயிலுக்குள் மின்சாரம் போகிறது, காந்தத்தின் நடுவே காயில் ஆடுகிறது, அதோடு ஒட்டிய காகிதக் கோன் காற்றைத் தள்ளுகிறது. ஆக, ஒரு முனையில் ஒரு காயில், மறுமுனையில் ஒரு காயில். புதிதாக வாசிக்க வந்தவர்கள் எல்லோரும் முதல் முனையைத்தான் மாற்ற நினைக்கிறார்கள். நான் கடைசி முனையில் தொடங்கச் சொல்கிறேன்.

காரணம் என் அனுபவம். ஐந்து மாதம் காசு சேர்த்து நல்ல பிக்கப் ஒன்று வாங்கிப் போட்டேன். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அப்போது சின்ன ஸ்பீக்கர் வைத்த 10 வாட் பிராக்டிஸ் ஆம்ப். வித்தியாசம் இருந்தது, ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டியிருந்தது. ஒரு மாதம் கழித்து அதே ஆம்பை, நண்பர் வீட்டில் இருந்த 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்தேன். முதல் ஸ்வரத்திலேயே நெஞ்சில் வந்து மோதியது. அன்றுதான் அந்தப் பிக்கப்பின் உண்மையான குரலையும் கேட்டேன்.

படி 1: எதையும் தொடாமல் ரெக்கார்ட் செய்யுங்கள்

போனை ஆம்புக்கு மூன்றடி தூரத்தில் ஒரு நாற்காலியில் வையுங்கள். ஆம்பின் குமிழ்கள் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்டார்ஷன் (ராக் இசையில் வரும் அந்தக் கரகரப்பான உறுமல்) இல்லாமல் ஒரு தடவை, டிஸ்டார்ஷனோடு ஒரு தடவை, ஒரே துணுக்கை வாசித்துப் பதியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருள் நன்றாகத்தான் இருக்கிறது என்று மனசு சொல்லும்; பழைய பதிவைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

படி 2: காசில்லாமல் ஆகக்கூடியது

தந்தி கறுத்திருந்தால் புதுத் தந்தி போடுங்கள். அப்புறம் பிக்கப்பின் உயரம். இதை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் இடையே உள்ள இடைவெளியை அளங்கள். ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயிலுக்கு (ஒரே காயில் கொண்ட பிக்கப்) தடித்த தந்திப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 1.6 மி.மீ. என்று தொடங்கலாம். பிக்கப்பின் இரு பக்கமும் உள்ள ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக் கேளுங்கள். ரொம்பக் கிட்டே ஏற்றினால் காந்தம் தந்தியையே பிடித்து இழுக்கும். தடித்த ஈ தந்தியை மேல் ஃபிரெட்டுகளில் வாசிக்கும்போது இரண்டு ஸ்வரம் ஒன்றோடொன்று உரசுவது போல நெளியும். ரொம்ப இறக்கினால் ஓசை ஒல்லியாகிவிடும். நடுவில் எங்கோ ஓர் இடத்தில் ஸ்வரம் உருண்டு திரண்டு வரும். அங்கே நிறுத்துங்கள்.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: பனியன் கம்பெனிப் பஞ்சுத்தூசி எங்கும் நுழையும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால், கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு அடித்துப் பத்துத் தடவை முன்னும் பின்னும் திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 3: ஸ்பீக்கர் வாங்கும் முன் நான்கு விஷயம்

முதலாவது, ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. உங்கள் ஆம்பின் பின்பக்கமோ பழைய ஸ்பீக்கரின் காந்தத்திலோ 4, 8, 16 என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். எழுத்து அழிந்திருந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 ஓமுக்குச் சற்று மேலே காட்டும். டிரான்சிஸ்டர் ஆம்பில், அதில் குறித்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம் என்று இருக்கும்போது 4 ஓம் போட்டால் உள்ளே சூடேறிப் பழுதாகும். 16 ஓம் போட்டால் சத்தம் குறையும், கெடுதல் இல்லை. வால்வ் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்தது) என்றால் சரிக்குச் சரி பொருந்த வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வ் ஆம்பை ஒரு நிமிடம்கூட வாசிக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இரண்டாவது, வாட். ஆம்பின் வாட்டைவிட ஸ்பீக்கரின் வாட் கூடுதலாக இருக்கட்டும். வால்வ் ஆம்பை முழுக்கத் திருப்பி வாசிப்பவர் என்றால் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதை நிறையப் பேர் படிப்பதே இல்லை: டெசிபெல்லில் போட்டிருக்கும் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது. 97 டெசிபெல் ஸ்பீக்கரைக் கழற்றி 100 டெசிபெல் ஸ்பீக்கரைப் போட்டால், ஆம்பின் வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 20 வாட் ஆம்ப் பத்தவில்லை என்று 40 வாட் தேடிக்கொண்டிருப்பவர் முதலில் இதைப் பார்க்கலாம்.

நான்காவது, அது கிட்டார் ஸ்பீக்கராக இருக்க வேண்டும். நோம்பிக்கு மைக் செட் வைக்கும்போது, கிட்டார்க்காரர் டிஸ்டார்ஷன் பெடலை நேராக மிக்சரில் சொருகியதைக் கேட்டிருக்கிறீர்களா? தேனீக்கூட்டம் கலைந்த மாதிரி ஒரு இரைச்சல் வரும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஓசையைத் தானாகவே மழுக்கிவிடும். அந்த மழுங்கல்தான் டிஸ்டார்ஷனை இனிமையாக்குகிறது. மைக் செட் பெட்டியில் மேல் ஓசைக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் அதற்கும் மேலே உள்ளதையெல்லாம் அப்படியே கொட்டிவிடும்.

இனி எந்த ஸ்பீக்கர் என்பது ருசி. செலஸ்டியன் கம்பெனியின் கிரீன்பேக் 25 வாட், மேல் ஓசை மென்மையாக, அழுத்தி வாசித்தால் கோனே சற்று உடைந்து பாடும். அதே கம்பெனியின் வின்டேஜ் 30 தாங்குவது 60 வாட். நடு ஓசை முட்டிக்கொண்டு முன்னால் வரும், டிரம்ஸுக்கு நடுவிலும் காணாமல் போகாது. ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவருக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். வீட்டில் தனியாக வாசித்து ரசிப்பவருக்கு முதலாவது.

படி 4: மாட்டுவது

ஆம்பின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சர்க்யூட் இருக்கும் பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, திறக்கவும் வேண்டாம். வால்வ் ஆம்பின் கெப்பாசிட்டர்களில் பிளக்கை உருவிய பிறகும் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரம் நிற்கும்.

ஆம்பைக் குப்புறப் படுக்க வைத்துப் பின்பலகையைக் கழற்றுங்கள். எந்த நிற ஒயர் எந்த முனையில் என்று போட்டோ எடுத்துவிட்டு ஒயரை உருவுங்கள். பழையதை எடுத்துப் புதியதை வைத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிராக முடுக்குங்கள், வண்டிச் சக்கரத்து நட்டு முடுக்குகிற மாதிரி. ரொம்ப இறுக்கினால் ஃபிரேம் நெளிந்து காயில் உரசும். ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக் கோனைக் கிழிப்பது அடிக்கடி நடப்பது; ஒரு கையால் கோன் பக்கத்தை மறைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ், மைனஸ் சந்தேகமாக இருந்தால் ஒயரை மாட்டும் முன் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸ்ஸைத் தொட்டால் கோன் வெளியே தள்ளும்.

சின்ன ஆம்பில் 12 அங்குலம் எங்கே நுழையும் என்று கேட்பீர்கள். நுழையாது. தெரிந்த ஆசாரியிடம் 18 மி.மீ. பிளைவுட்டில் தனிப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். என் பெட்டியை அப்படித்தான் ஈரோட்டில் செய்தேன். ஆம்பில் வெளி ஸ்பீக்கருக்கு ஜாக் இருந்தால் நேராக இணைக்கலாம்; இல்லையென்றால் உள் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரை நீட்டிக்கொள்ளலாம். இதற்குச் சாதாரண இரட்டை ஸ்பீக்கர் ஒயர்தான் வேண்டும், கிட்டார் கேபிள் உதவாது. பெட்டியின் பின்பக்கம் பாதி திறந்திருந்தால் ஓசை அறை முழுக்கப் பரவும். மூடியிருந்தால் கீழ் ஓசை இறுக்கமாக நேரே வரும்.

புது ஸ்பீக்கர் முதலில் விறைப்பாக ஒலிக்கும். ஒரு வாரம் வாசித்த பிறகு முடிவு சொல்லுங்கள்.

படி 5: பிக்கப் தேர்வு

இப்போது பதிவைக் கேட்டுவிட்டு, இன்னும் என்ன குறை என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "கூர்மையாகக் குத்துகிறது", "குழைவாக இருக்கிறது, எழுத்து எழுத்தாகக் கேட்கவில்லை", "இரைச்சல் தாங்கவில்லை". வாக்கியம் வரவில்லையென்றால் பிக்கப் வாங்க வேண்டாம்.

குத்துகிறது என்றால் அல்நிகோ 2 என்ற வகைக் காந்தம் வைத்த பிக்கப். தெளிவு வேண்டுமென்றால் அல்நிகோ 5. கனத்த டிஸ்டார்ஷனுக்குச் செராமிக். மீட்டரில் கிலோ ஓம் அதிகம் காட்டும் பிக்கப்தான் நல்லது என்று கடையில் சொல்வார்கள். சுற்று கூடினால் சத்தம் கூடும்தான், ஆனால் மேல் ஓசை மங்கும்.

இரைச்சல் பற்றி நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டும். சோமனூரில் ஒரு நண்பர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். சிங்கிள் காயில் கிட்டாரை ஆன் செய்தால் மோட்டார்களின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஆம்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிட்டாரோடு மெல்லத் திரும்பினால் ஒரு திசையில் குறையும். காயில் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இதற்கு மருந்து ஹம்பக்கர். எதிரெதிர்த் திசையில் வேலை செய்யும் இரண்டு காயில்கள், எதிரெதிர்க் காந்த முனைகள். தந்தியின் ஓசை கூடும், இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். சிங்கிள் காயில் குழியிலேயே உட்காரும் ஹம்பக்கரும் கிடைக்கிறது. நண்பர் அதைத்தான் போட்டார், தறி ஓடும்போதே வாசிக்கிறார்.

ஆனால் தந்தியில் கை வைத்ததும் இரைச்சல் குறைகிறது என்றால் அது வேறு வகை. பிக்கப் குழிக்குள் செம்பு ஒட்டுத்தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்தால் நன்றாகக் குறையும். சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனையை ஒடித்துவிட்டு வாசிக்கவே கூடாது.

படி 6: பிக்கப் மாட்டுவது

தந்தியைக் கழற்றி, ஸ்ட்ராட் என்றால் பிக்கார்டின் (பிக்கப்புகளைத் தாங்கும் முன்பக்கத் தகடு) 11 ஸ்க்ரூக்களையும் எடுத்து ஒரு டம்ளரில் போடுங்கள். பல கோணத்தில் போட்டோ எடுங்கள். பழைய பிக்கப்பின் ஒயரை ஈயம் உருக்கி எடுங்கள், வெட்ட வேண்டாம். 40 வாட் சால்டரிங் அயர்ன் போதும். குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரை 'பாட்' என்பார்கள்; அதன் முதுகில் பற்ற வைக்கும் முன் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் ஈயம் சட்டென்று பிடிக்கும். மூன்று நான்கு நொடிக்குமேல் அயர்னை அங்கே வைக்காதீர்கள், பாட் வெந்துவிடும்.

நான்கு ஒயர் ஹம்பக்கர்களில் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீமோர் டங்கனில் சிக்னல் கறுப்பு, சிவப்பும் வெள்ளையும் சேர்த்துக் கட்ட வேண்டியவை. டிமார்சியோவில் சிக்னல் சிவப்பு, கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டியவை. இரண்டிலும் பச்சை எர்த். பெட்டியில் வரும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் பாட், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். ஹம்பக்கருக்குப் பழைய 250 பாட்டையே விட்டுவிட்டால் மேல் ஓசை மங்கும்.

மூடும் முன் கேபிளைச் சொருகி, ஒவ்வொரு பிக்கப்பின் முனையையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டுங்கள். டொக் என்று ஆம்பில் கேட்க வேண்டும். தந்தி மாட்டியதும் இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போடுங்கள். தகர டப்பாவுக்குள் வாசிப்பது போல ஓசை மெலிந்து வந்தால் ஒன்றுக்கொன்று ஃபேஸ் மாறியிருக்கிறது, அதாவது ஒன்றின் அலை மற்றதற்கு எதிராகப் போகிறது. புதிய பிக்கப்பின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் சரியாகும். மேலே உலோக மூடி இருந்தால், மூடிக்கு வரும் எர்த்தை முதலில் தனியாகப் பிரித்துவிட்டு மாற்ற வேண்டும்.

கடைசியாக மறுபடி படி 2. புதுப் பிக்கப்புக்கும் உயரம் வைக்க வேண்டும். அப்புறம் பழைய பதிவு, ஸ்பீக்கர் மாற்றிய பின் எடுத்த பதிவு, இப்போதையது என்று மூன்றையும் ஹெட்போனில் வரிசையாகக் கேளுங்கள். கழற்றிய பிக்கப்பை அதன் ஸ்க்ரூ, ஸ்பிரிங்கோடு ஒரு டப்பாவில் போட்டு, மேலே தேதியும் கிலோ ஓமும் எழுதி வையுங்கள்.