தென்கிழக்காசிய மிட்ஃபீல்டர் ஒருவரின் ஆட்ட வரலாற்றைத் தமிழில் எழுதுவது எப்படி

ஸ்ட்ரைக்கரைப் பற்றி எழுத கோலை எண்ணினாலே பாதி வேலை முடிந்துவிடும். மிட்ஃபீல்டருக்கு அந்த வழி உதவாது. முதலில் ஆட்டம் ஆட்டமாகப் பட்டியல் போடுங்கள், மொத்தத்தைக் கடைசியில் கூட்டுங்கள். இணையத்தில் கிடைத்த மொத்தத்தை வைத்துக்கொண்டு பிறகு ஆட்டங்களைத் தேடினால் கணக்கு இடிக்கும்.

ஒரு எக்ஸெல் கோப்பில் மூன்று தாள்கள் போதும்: கிளப், தேசிய அணி, வயது வரம்பு அணி. ஒவ்வொரு வரியிலும் தேதி, போட்டி, எதிரணி, ஊர், முதல் பதினொருவரில் இருந்தாரா அல்லது எத்தனையாவது நிமிடத்தில் இறங்கினார், எந்த இடத்தில் ஆடினார், தகவல் எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். அணிப் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, களத்தில் இறங்கியது வேறு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் எண்ணிக்கையில் நுழைந்துவிடும், கவனம்.

மூன்றாவது தாளைத் தவறவிடாதீர்கள். ஒலிம்பிக் கால்பந்து 1992 முதலும், தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து 2001 முதலும் வயது வரம்புக்கு உட்பட்டவை. அங்கே அடித்த கோலை சீனியர் அணிக் கணக்கில் சேர்ப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் பிழை. அதற்கு முந்தைய தலைமுறையில் சிக்கல் வேறு மாதிரி. மலேசியத் தடுப்பாட்டக்காரர் சோ சின் ஆன் ஆடிய சர்வதேச ஆட்டங்களுக்கு 219 என்றும் 195 என்றும் இரண்டு எண்கள் புழங்குகின்றன. எந்த ஆட்டங்களைச் சேர்ப்பது என்பதில்தான் வித்தியாசம். இப்படி வந்தால் இரண்டையும் எழுதி, எது எந்த விதிப்படி என்று ஒரு வரி சேருங்கள். நடுவில் ஒரு எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டாம்.

லீக் பெயர்களில் சென்னை வாசகர் எளிதில் தடுமாறுவார். நமக்கு ஐ.எஸ்.எல். என்றால் சென்னையின் எஃப்.சி. ஆடும் லீக். இந்தோனேசியாவில் அது 2008 முதல் 2014 வரை அந்நாட்டின் சூப்பர் லீக். ஆகவே முழுப்பெயரை எழுதுங்கள். அங்கே 2011-12 பருவத்தில் இரண்டு லீக்குகள் ஒரே சமயத்தில் நடந்தன: சூப்பர் லீக்கில் ஸ்ரீவிஜயா, பிரீமியர் லீக்கில் செமென் பாடாங் சாம்பியன். 'அந்த ஆண்டு சாம்பியன்' என்று மட்டும் எழுதினால் தவறாகிவிடும். 2015 மே முதல் 2016 மே வரை ஃபிஃபா இந்தோனேசியாவைத் தடை செய்திருந்தது. அந்த ஆண்டில் சர்வதேச ஆட்டம் இல்லை என்றால் வீரருக்குக் காயம் என்று ஊகித்துவிடாதீர்கள்.

பெயர்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். சிங்கப்பூரின் வரதராஜு சுந்தரமூர்த்தியில் முன்னே நிற்பது அப்பா பெயர். 'வரதராஜு பந்தைக் கடத்தினார்' என்று எழுதினால் அப்பாவை ஆட விட்டதாகிவிடும். நமக்குப் பழகிய 'வி. சுந்தரமூர்த்தி' போதும். வியட்நாமின் நுயென் ஹோங் சோன் 1998 டைகர் கோப்பையின் (ஆசியான் கோப்பையின் அன்றைய பெயர்) சிறந்த வீரர். அவரை 'சோன்' என்றுதான் அழைக்க வேண்டும், நுயென் குடும்பப் பெயர். தாய்லாந்தின் தாவான் ஸ்ரீபானை முதல் பெயரால் 'தாவான்' என்று எழுதலாம்.

பழைய ஆட்டங்களுக்கு சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பு நல்ல துணை. அதில் தமிழ் முரசும் இருப்பதால் பெயரின் தமிழ் வடிவத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். மலேசியாவில் நடக்கும் மெர்டேகா கோப்பையில் 1959, 1964 ஆண்டுகளில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. அந்தக் காலத்து வீரர் என்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேட்டுப் பாருங்கள். ஆட்டம் நடந்த தேதிக்கு அடுத்த இரண்டு நாள் இதழ்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

புகழ்ச்சியோடு சறுக்கலையும் எழுதினால்தான் மனிதர் முழுசாகத் தெரிவார். இந்தோனேசியாவின் ஃபிர்மான் உதினா 2010 ஆசியான் கோப்பையின் சிறந்த வீரர். அதே தொடரின் இறுதியில், முதல் ஆட்டத்தை மலேசியா 3-0 என வென்றது. டிசம்பர் 29 அன்று ஜகார்த்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அவர் அடித்த பெனால்டியை கோல்கீப்பர் கைருல் ஃபஹ்மி தடுத்துவிட்டார். இந்தோனேசியா 2-1 என வென்றும், கோப்பை 4-2 என்ற மொத்தக் கணக்கில் மலேசியாவுக்குப் போனது. விருதையும் பெனால்டியையும் ஒரே பத்தியில் வையுங்கள்.