கனடாவில் வரிப் படிவம் வழியே வாக்காளர் பட்டியலில் சேர்வது எப்படி

கனடாவில் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதும் வழக்கம் 1997 ஏப்ரலோடு நின்றுபோனது. அன்றிலிருந்து கூட்டாட்சித் தேர்தலுக்கு நிரந்தரப் பட்டியல் ஒன்றே இருக்கிறது. வருமான வரித் துறை, குடிவரவுத் துறை, மாகாணச் சாரதி அனுமதிப்பத்திர அலுவலகங்கள், பிறப்பு இறப்புப் பதிவகங்கள் ஆகியவை அனுப்பும் தரவுகளால் அது புதுப்பிக்கப்படுகிறது. அதனால் பலர் தாங்களாக எதுவும் செய்யாமலே பட்டியலில் இருப்பார்கள். ஆனால் உங்கள் தரவு வரித் துறையிலிருந்து போக வேண்டுமானால் உங்கள் சம்மதம் வேண்டும்.

டி1 எனப்படும் தனிநபர் வருமான வரிப் படிவத்தின் தொடக்கப் பக்கங்களில் ‘எலெக்‌ஷன்ஸ் கனடா’ (கூட்டாட்சித் தேர்தலை நடத்தும் அமைப்பு) என்ற சிறு பகுதி வரும். முதல் கேள்வி, நீங்கள் கனடியக் குடிமகனா என்பது. ஆம் என்றால் மட்டும் இரண்டாவதற்குப் போங்கள். அது உங்கள் பெயர், முகவரி, பிறந்த திகதி, குடியுரிமை ஆகியவற்றைத் தேர்தல் அமைப்புக்கு அனுப்பச் சம்மதமா என்று கேட்கும். முதலாவதற்கு மட்டும் பதில் சொல்லி இரண்டாவதை வெறுமையாக விட்டால் தரவு போகாது. வரி செய்து கொடுப்பவரிடம் விட்டுவிடுபவர்கள் கையெழுத்திடும் முன் இந்த இடத்தைப் பாருங்கள். இந்தச் சம்மதம் அடுத்த வரிப் படிவம் வரைதான் செல்லும், எனவே ஒவ்வோர் ஆண்டும் கொடுக்க வேண்டும். இதற்கும் உங்கள் வரித் தொகைக்கும் தொடர்பில்லை. சம்மதக் கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்தாலும் பட்டியலில் ஏற்கெனவே உள்ள பெயர் நீங்கிவிடாது.

நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர்கள் முதல் கேள்விக்குக் கட்டாயம் ‘இல்லை’ என்றே குறிக்க வேண்டும். தவறுதலாக ‘ஆம்’ என்று குறித்து வாக்காளர் அட்டை வந்தாலும் வாக்குரிமை வந்துவிடாது. குடியுரிமை இல்லை என்று தெரிந்தே வாக்களிப்பது குற்றம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் படிவத்திலும் இதே சம்மதம் கேட்கப்படும். அங்கேயே கொடுத்துவிட்டால் சத்தியப்பிரமாணத்துக்குப் பின் தரவு தானாகப் போகும். 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளும் வரிப் படிவம் போட்டால் வருங்கால வாக்காளர் பட்டியலில் சேரலாம்.

அதிகம் சிக்கல் தருவது முகவரி. ஏப்ரல் 30க்குள் வரிப் படிவம் போட்டுவிட்டு ஜூனில் வீடு மாறினால், வரித் துறை வழியாகப் புது முகவரி போக அடுத்த ஆண்டாகலாம். தேர்தல் பிரசாரக் காலமோ 37 முதல் 51 நாள்கள்தான். ஆகவே மாறியதும் எலெக்‌ஷன்ஸ் கனடா இணையத்தளத்தில் நீங்களே திருத்திவிடுங்கள். அடுத்தது பெயர். தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் முதலிலும் இன்னொன்றில் கடைசியிலும் இருந்தால், இரண்டு பதிவுகளும் ஒருவருடையவை என்று இணைப்பது கடினம். குடியுரிமைச் சான்றிதழில் உள்ள எழுத்தையே அனுமதிப்பத்திரத்திலும் வரிப் படிவத்திலும் பயன்படுத்துங்கள்.

தேர்தல் அறிவித்தபின் வாக்காளர் தகவல் அட்டை தபாலில் வரும். வராவிட்டால், அல்லது பெயரோ முகவரியோ பிழையாக இருந்தால், தேர்தல் நாளுக்கு 6 நாள் முன்னதான செவ்வாய் மாலை 6 மணிக்குள் திருத்துங்கள். அது தவறினாலும் வாக்களிப்பு நிலையத்திலேயே பதியலாம், வீட்டில் இருந்துவிடாதீர்கள். தற்போதைய முகவரி அச்சிட்ட சாரதி அனுமதிப்பத்திரம் ஒன்றே போதும். அது இல்லாவிட்டால் பெயர் உள்ள இரண்டு ஆவணங்கள் வேண்டும், ஒன்றிலாவது முகவரி இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் முகவரியைக் கையால் எழுதுவதால் அது முகவரிச் சான்றாகாது. ஆவணம் எதுவும் இல்லாதவர்கள் தாங்கள் யார், முகவரி எது என்று எழுத்தில் உறுதியளிக்கலாம். அதே வாக்களிப்பு நிலையத்தைச் சேர்ந்த தெரிந்தவர் ஒருவர் சாட்சியாக வர வேண்டும், அவர் ஒருவருக்கு மட்டுமே சாட்சி சொல்லலாம்.

ஒன்ராறியோ மாகாணம் தனக்கெனப் பட்டியல் வைத்திருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் நகரசபைத் தேர்தலுக்கும் அதே பட்டியல்தான். கூட்டாட்சிப் பட்டியலில் திருத்தியதை இங்கும் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.